முன்னுரையில் ஒரு சொல்

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது புவனாவின் டி.டி.பி. கடை. பதினெட்டு வருடமாக அதே இடம்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், எப்போதாவது ஒரு கும்பாபிஷேக மலர். தமிழில் அவள் கைக்கு வேகம் அதிகம், பிழை குறைவு. அதனால் கடையில் ஆள் இல்லாத நாள் குறைவு. கவிதை என்று அவள் அதுவரை அடித்ததெல்லாம் மணமக்களை வாழ்த்தித் தாய்மாமன்கள் எழுதிக் கொண்டுவரும் நாலு வரிகளைத்தான்.

ஆடி மாதம் பத்திரிகை வேலை படுத்திருந்த நேரத்தில் வெங்கடபதி படியேறி வந்தார். அறுபத்தாறு வயது. மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் நீல அட்டை போட்ட மூன்று நோட்டு.

"ஏனுங்க, இங்க தமிழ் டைப்பிங் பண்றது யாருங்க?"

"நாந்தானுங்க. உக்காருங்க. என்ன பண்ணோணும்?"

"கவிதைங்க. எழுபத்திரெண்டு இருக்குது. ஜெர்மன்ல இருந்து தமிழுக்குக் கொண்டாந்திருக்கறேன். புஸ்தகமாப் போடலாம்னு."

புவனா நிமிர்ந்து பார்த்தாள். ஆள் ஜெர்மன் தெரிந்தவர் மாதிரி இல்லை. மின்வாரிய ஆபீஸில் மனுக் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஜெர்மன் நீங்களே படிப்பீங்களா?"

"படிப்பேனுங்க. பேசறதுதான் துருப்பிடிச்சுப் போச்சு."

அவர் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு எஞ்சினியராக முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் புது எந்திரங்களைப் பழகி வர மில்லில் இருந்து எட்டு மாதம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்களாம். பகலில் எந்திரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறக்காது, வெளியே பனி. தங்கியிருந்த அறையின் அலமாரியில் முன்பு இருந்த யாரோ விட்டுப்போன ஒரு சின்னக் கவிதைப் புத்தகம் கிடந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு வரி என்று படிக்க ஆரம்பித்தவர், திரும்பும்போது அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்க பேச ஆளில்லீங்க. அந்தப் புஸ்தகத்துகிட்டத்தான் பேசிட்டிருந்தேன்" என்றார். "அவரு பேரு கோன்ராட் இல்மர். செத்துத் தொண்ணூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அவங்க ஊர்லயே இப்ப நெம்பப் பேருக்குத் தெரியாது."

புவனா நோட்டுகளை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் முதல் இருபது கவிதை தயார் என்று ஃபோன் செய்தாள். அவர் வந்து தாளைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போயிற்று. தாள் மிச்சமாகட்டும் என்று அவள் வரிகளை எல்லாம் சேர்த்து, இரண்டு பக்கமும் ஓரத்தைச் சமமாக்கி, பத்தி பத்தியாக அடித்து வைத்திருந்தாள்.

"அம்மணி, இதுல வரி எங்க முறியுதோ அங்கதானுங்க கவிதையே இருக்குது."

"அப்படீங்களா? எடம் வீணாப் போகுதேன்னு பாத்தேன்."

"வீணாப் போகட்டுமுங்க. அந்த வெத்தெடமும் அவரு எழுதுனதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் முழுவதையும் கலைத்து மறுபடி அடித்தாள். அப்படி ஒவ்வொரு வரியாக முறித்து அடிக்கும்போதுதான் முதல் தடவையாக அவள் அதைப் படித்தாள்.

மழை நின்றுவிட்டது.
கூரை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது,
கேட்க ஆள் இருக்கிறதா என்று
பார்க்காமல்.

கை நின்றது. கீழே துணிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு ஆள் கூப்பிடும் மைக் சத்தம். அவள் அந்த நாலு வரியை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

வாரத்துக்கு இரண்டு நாள் வெங்கடபதி வருவார். அவள் அடித்து வைத்ததை வரி வரியாகத் திருத்துவார். திருத்தும்போது இல்மரைப் பற்றி ஏதாவது சொல்வார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். பழைய ஆஸ்திரிய ராஜ்ஜியத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா கையுறை தைக்கிறவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது. இருபத்துநாலு வயதில் முதல் புத்தகம். நூறு பிரதிகூட விற்கவில்லை. அதுவரை கவிதை என்றால் பெரிய பெரிய உணர்ச்சிகளைக் கொட்டுவதாக இருந்தது. இவர் ஒரு வாளியை, ஒரு படிக்கட்டை, ஈரமான கூரையை எடுத்துக்கொண்டு அதையே உற்றுப்பார்த்து எழுதினார். முதல் உலகப் போரில் ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். போர் முடிந்தபோது பிறந்த ஊர் வேறொரு நாட்டில் இருந்தது. அப்புறம் சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கில், யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த வீட்டில், தனியாகப் பதினோரு வருடம். அங்கேதான் நல்ல கவிதையெல்லாம் எழுதினார். நாற்பத்தேழு வயதில் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார்.

"குடும்பம் குட்டி ஒண்ணுமில்லீங்களா?" என்று ஒருநாள் புவனா கேட்டாள்.

"இருந்துச்சுங்க" என்றார் வெங்கடபதி. சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அது என்ன என்று ஐம்பத்தெட்டாவது கவிதையில் தெரிந்தது. தலைப்பு 'மகளுக்கு'.

உன் பெயரை நான் உரக்கச் சொன்னதில்லை.
சொல்லிச் சொல்லி அது
என் வாயில் தேய்ந்துவிடக் கூடாது.
தூரத்தில் வைத்திருக்கிறேன்,
காற்று படாமல் விளக்கை வைப்பதுபோல.

புவனா அடித்து முடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அன்று மாலை அவர் வந்ததும் அந்தத் தாளை முதலில் எடுத்து வைத்தாள்.

"இந்தப் புள்ள யாருங்க?"

"அவரு மகளுங்க. யோஹன்னா."

"அது எங்க இருந்துச்சு, அவரு தனியா இருந்தப்ப?"

"அதோட அம்மாகூட. அந்தம்மா பியானோ சொல்லிக் குடுத்து வளத்துனாங்க. புள்ளைக்கு ரெண்டு வயசுல இவரு போயிட்டாருங்க."

"பொறகு வரவே இல்லீங்களா?"

"எப்பவாச்சும் போயிருப்பாரு." வெங்கடபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இந்தப் பாட்டு அவரோட உச்சம்னு சொல்றாங்க. பேரையே சொல்லாம பாதுகாத்து வெச்சிருக்கறாரு பாருங்க."

"பேரு கூப்பிடறதுக்குத்தானுங்களே வெச்சது?" என்றாள் புவனா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஒரு தடவ சத்தமாக் கூப்பிட்டிருந்தா அந்தப் புள்ள திரும்பிப் பாத்திருக்குமில்லீங்க."

"அது வேற, கவிதை வேறங்க" என்று முனகினார் வெங்கடபதி.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சோமனூர்ப் பக்கம் நாலு விசைத்தறி ஓடிய வீடு அவளுடையது. அவள் ஆறாவது படிக்கும்போது அப்பா வெள்ளியங்கிரி பழனிக்குப் பாதயாத்திரை போனார். கூடப் போனவர்கள் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. ஒரு வருடம் தேடினார்கள். கடைசியில் கொடுமுடியில் காவிரிக் கரையோரம் ஒரு மடத்தில் காவி கட்டிக்கொண்டு இருப்பதாகத் தெரிந்தது. பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவன் துறந்துட்டான், இனி நம்ம ஆள் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. சொந்தத்தில் எல்லோரும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். அம்மா ராசம்மாள் நாலு தறியையும் தானே ஓட்டினாள். தலையெல்லாம் பஞ்சாக இருப்பாள். தறிச் சத்தத்தில் கேட்காது என்று பிள்ளைகளை அவள் கத்திக் கத்தித்தான் கூப்பிடுவாள். அம்மா என்ன செய்தாள் என்பதற்குச் சொந்தக்காரர்களிடம் ஒரு சொல்லும் இல்லை. ஐந்து வருடம் முன்பு அம்மா இறந்தபோது அப்பா வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தார். சனங்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாயந்திரமே போய்விட்டார். புவனா அவர் பக்கம் போகவில்லை.

புரட்டாசியில் எழுபத்திரண்டு கவிதைகளும் முடிந்தன. வெங்கடபதி முன்னுரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பதினாலு பக்கம். நாலாவது பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'கவிதையின் பொருட்டு இல்மர் தம் மனைவியையும் மகளையும் துறந்தார்.'

புவனா அவருக்கு ஃபோன் செய்தாள்.

"முன்னுரையில ஒரு எடம் கேக்கோணுங்க. துறந்தாருன்னு போட்டிருக்கறீங்களே, அதுக்கு ஜெர்மன்ல என்ன இருக்குதுங்க?"

"அவரப் பத்தி ஜெர்மன்ல எழுதுனதுல 'ஃபெர்லீஸ்'னு இருக்குதுங்க. ஏன்?"

"அப்படின்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "விட்டுப் போறதுதானுங்க. ரூமை விட்டுப் போனாலும் அதே வார்த்தைதான், ஊரை விட்டுப் போனாலும் அதேதான். நம்ம தமிழுக்குத் துறந்தாருங்கறது கம்பீரமா இருக்குமுன்னு போட்டேன்."

"சரீங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தேதியைத் தப்பாக அடித்தாள். மாலையில் கடை சாத்துவதற்கு முன்னால் முன்னுரையை அடிக்க உட்கார்ந்தாள். நாலாவது பக்கம் வந்தது. 'துறந்தார்' என்று அடித்தாள். அழித்தாள். 'விட்டுவிட்டுப் போனார்' என்று அடித்தாள். பதினெட்டு வருடத்தில் வாடிக்கையாளர் எழுதியதில் எழுத்துப் பிழையைத் தவிர வேறெதையும் அவள் மாற்றியதில்லை. பத்திரிகையில் பேச்சு வழக்காக 'இவள் ஊட்டுக்காரர்' என்று எழுதிக்கொடுத்தால்கூட அப்படியே அடிப்பாள். அன்றைக்கு மாற்றினாள். மாற்றியதை அவரிடம் சொல்லவும் இல்லை.

புரூஃபை வாங்கிப்போன வெங்கடபதி மறுநாள் பத்து மணிக்கே வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சு வாங்கியது.

"நாலாம் பக்கத்துல இது யாரு பண்ணுனது?"

"நாந்தானுங்க."

"என்ற கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லீங்க. கேக்காம மாத்துனது தப்புத்தான். ஆனா அந்த வார்த்த பொய்யிங்க."

"பொய்யா?" அவர் குரல் உயர்ந்தது. சத்தம் போட்டுப் பழக்கமில்லாத ஆள். சத்தம் பாதியில் உடைந்தது. "முப்பத்தெட்டு வருசமா அவரப் படிக்கறேனுங்க. நீங்க ரெண்டு மாசம் டைப் அடிச்சீங்க. உங்களுக்கு என்ன தெரியும் அவர?"

"அவரத் தெரியாதுங்க. உட்டுட்டுப் போனா ஊட்ல என்ன ஆகும்னு தெரியும்."

வெங்கடபதி நோட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கோப்பைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். அவள் ஏற்றிக் கொடுத்தாள். 'துறந்தார்' என்று பழையபடி மாற்றியே கொடுத்தாள். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. போகும்போது வழக்கமாகச் சொல்லும் 'வாரேனுங்க' வரவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவர் வரவில்லை. ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. பத்திரிகை வேலை குவிந்தது. புவனா இரண்டு தடவை அவருக்கு ஃபோன் செய்ய எடுத்து, வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கொடுமுடியில் இருந்து ஃபோன் வந்தது. மடத்தில் சமையல் வேலை பார்க்கும் குழந்தையம்மாள் என்ற பெண் பேசினாள்.

"ஏனுங்க, வெள்ளியங்கிரி சாமியோட மகளுங்களா? சாமிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விளுந்துபோச்சுங்க. ஈரோட்ல ஆபரேசன் பண்றாங்க. ஊட்டாளு ஒருத்தரு கையெழுத்துப் போடோணுமாமா. சாமி யாரையும் கூப்பிட வேண்டாமின்னாரு. நாந்தான் பழைய நோட்டுல இருந்து நெம்பரத் தேடி எடுத்தேன்."

புவனா எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். வீட்டில் கணவர் மனோஜ்குமாரிடம் சொன்னபோது, "நான் லீவு போட்டு வரட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. நான் போயிட்டு வந்தர்றேன்."

காலை பஸ்ஸில் ஈரோடு போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் பெஞ்சு. ஒவ்வொன்றிலும் ஒரு கிழவரும் கூட ஒரு ஆளும். கடைசிப் பெஞ்சில் அப்பா இருந்தார். குழந்தையம்மாள் பக்கத்தில் நின்றாள். காவி வேட்டி வெளுத்து ஆரஞ்சுத் தோலின் உள்பக்கம் மாதிரி இருந்தது. இவள் அருகில் போய் நின்றும் அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தை மறைக்கும் யாரோ என்று தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"புவனா வந்திருக்கறேனுங்" என்றாள்.

"ஓ" என்றார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு அம்மணி, வெயில்ல வந்திருப்ப" என்றார்.

நர்ஸ் படிவத்தை நீட்டினாள். "நோயாளிக்கு நீங்க என்ன உறவுங்க?"

"மகளுங்க" என்றாள் புவனா. கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இடது கண்ணுக்கு மேல் பச்சைத் துணி ஒட்டி, நாலு மணி வரை படுக்கவைத்தார்கள். குழந்தையம்மாள் காபி வாங்கிவரப் போனாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் வேறு இருவர் தூங்கினார்கள். கேட்பதற்கு வேறு நேரம் வாய்க்காது என்று புவனாவுக்குப் பட்டது.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்களத் துறந்துட்டுப் போனீங்களா, உட்டுட்டுப் போனீங்களா?"

அவர் தூங்கிவிட்டாரோ என்று அவள் நினைத்தாள்.

"துறக்கறதெல்லாம் பெரிய ஆளுங்க பண்றது அம்மணி" என்றார். "நான் உட்டுப்போட்டுத்தான் வந்தேன்."

புவனா நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பழனியில சாமி கும்புட்டுப்போட்டுத் திரும்பறப்ப தாராபுரத்துல கூட்டத்த விட்டுத் தவறிப் போயிட்டேன். கோயமுத்தூர் பஸ் வந்துச்சு. ஏறல. அடுத்ததும் வந்துச்சு. அதுலயும் ஏறல. காதுல தறிச் சத்தம் இல்லாம இருந்துச்சு. அது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. பொறகு ஊட்டுக்கு வர மொகமில்ல. கொடுமுடியில சனங்க சாமின்னாங்க. சரீன்னு இருந்துபோட்டேன்."

"எங்கள நெனச்சீங்களா?"

"நெனச்சேன். நெனச்சுட்டு அங்கயேதான் இருந்தேன்."

முப்பத்தைந்து வருடமாக அவள் மனதுக்குள் ஒரு சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தாள். அப்பா தன்னை நியாயப்படுத்திப் பேசுவார், கடவுளை இழுப்பார், விதியை இழுப்பார், அப்போது இன்னது இன்னது சொல்ல வேண்டும் என்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். அவர் எதையும் இழுக்கவில்லை. சண்டை போட அங்கே எதிராளி இல்லை. கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் அது இத்தனை நாள் இருந்த அளவில் இல்லை. கையில் எடுத்துப் பார்க்கிற அளவுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது.

"அம்மா நாலு தறியும் ஓட்டுச்சு" என்றாள்.

"தெரியும்."

"தெரியாதுங்க உங்களுக்கு" என்றாள் புவனா. பிறகு சொன்னாள். அம்மா விடிகாலை எழுந்ததை, நூல் அறுந்தால் ஓடியதை, கரண்டு போன நேரத்தில் சோறாக்கியதை, மூத்தவளைக் கட்டிக்கொடுத்ததை, தன்னைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியதை. ஒரு மணி நேரம் சொன்னாள். அப்பா ஒட்டிய கண்ணோடு மேலே பார்த்தபடி கேட்டார். குழந்தையம்மாள் கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று.

நாலரை மணிக்கு ஒரு வாடகைக் கார் பிடித்து இருவரையும் ஏற்றிவிட்டாள். சொட்டு மருந்து எப்போதெல்லாம் விட வேண்டும் என்று குழந்தையம்மாளிடம் எழுதிக் கொடுத்தாள். அடுத்த கண்ணுக்கு மார்கழியில் வரச் சொல்லியிருந்தார்கள்.

"அதுக்கும் வருவியா?" என்று கேட்டார் அப்பா.

"வருவேனுங்" என்றாள்.

அவள் கோவைக்குத் திரும்பி நாலாம் நாள் வெங்கடபதி கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. முகம் சவரம் செய்யப்படாமல் இருந்தது. கூட அவர் மனைவி ராமாமணியும் வந்திருந்தார். புவனாவை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவரு சோறு உங்கறதில்லீங்க" என்றார் ராமாமணி. "அந்தச் சொல்லுக்கும் உங்களுக்கும் என்ன சண்டையின்னு என்ற கிட்டச் சொன்னாரு. உங்ககிட்டயே வந்து பேசுங்கன்னு கூட்டிட்டு வந்தேன்."

வெங்கடபதி ஸ்டூலில் உட்கார்ந்தார். பையில் இருந்து தடிமனான ஒரு பழைய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இல்மரின் கடிதங்கள். பதினைந்து வருடமாக அவரிடம் இருந்ததாம். இல்மர் எழுதிய கடிதங்களைத்தான் படித்திருந்தார். கடைசியில் பின்னிணைப்பாக, அவரைத் தெரிந்தவர்கள் எழுதிய சில கடிதங்கள் இருந்தன. அதைப் புரட்டியதே இல்லை. புவனாவோடு சண்டை போட்டுவிட்டுப் போன இரவு தூக்கம் வராமல் புரட்டியிருக்கிறார்.

"யோஹன்னா எழுதுன கடுதாசி ஒண்ணு இருக்குதுங்க. அவரு செத்துப் பல வருசம் கழிச்சு, அப்பாவப் பத்தி எழுதச் சொல்லி ஒரு பதிப்பாசிரியர் கேட்டிருக்கறாரு. அதுக்குப் பதில். தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கறேன்."

ஒரு தாளை நீட்டினார். புவனா வாங்கிப் படித்தாள்.

'ஐயா, என் தந்தையைப் பற்றி எனக்கு நினைவிருப்பதை எழுதச் சொல்கிறீர்கள். அவர் நான்கு முறை வந்தார். முதல் முறை எனக்கு ஐந்து வயது. அவர் கைகள் கதகதப்பாக இருந்தன. இரண்டாம் முறை ஒரு பெட்டி வர்ணப் பென்சில் கொண்டுவந்தார். அதில் பச்சை இல்லை. மூன்றாம் முறை எனக்குக் காய்ச்சல். நான்காம் முறை ரயில் நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். அவர் மேகங்களைப் பற்றிப் பேசினார். என் செருப்பு கடிப்பதை நான் சொல்லவில்லை. அவருடைய கவிதைகளை நான் படித்ததில்லை. நன்றாக இருக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருக்க வேண்டும். என் அம்மாவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்டால் நிறைய எழுதுவேன்.'

புவனா தாளை மேசையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராமாமணியும் வேறு பக்கம் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரீங்க" என்றார் வெங்கடபதி. "புஸ்தகம் வேண்டாமின்னு முடிவு பண்ணிப்போட்டேன். அந்த ஆளுக்காக இத்தன வருசம் உக்காந்தேனேன்னு இருக்குது. பண்ணுன வேலைக்கு உங்க கூலியக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்ப கூரைப் பாட்டு?" என்றாள் புவனா.

"எது?"

"மழை நின்னதுக்கப்பறம் கூரை பேசிட்டிருக்குமே, அது. அத என்ன பண்ணப் போறீங்க?"

அவர் விழித்தார்.

"அது நல்லாத்தானுங்களே இருக்குது. அந்தாளு மோசம்னா அது மோசமாயிருமுங்களா? எனக்கு அந்த வார்த்தை ஒண்ணுமேலதானுங்க கோவம். பாட்டுமேல இல்ல. உட்டுட்டுப் போனாரு, போயிட்டு இதெல்லாம் எழுதுனாரு. ரெண்டையும் உள்ளது உள்ளபடி போட்டுருங்க. படிக்கறவங்க பாத்துக்குவாங்க."

ராமாமணி அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் ஏதோ சொன்னார். வெங்கடபதி தலையை ஆட்டினார். பிறகு புவனாவின் பக்கமிருந்த விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சித்தெ அந்தப் பக்கத்த எடுங்க."

அவள் நாலாம் பக்கத்தைத் திறந்தாள். அவருக்குத் தமிழ் விசை எது எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்தார். 'துறந்தார்' போயிற்று. 'விட்டுப் போனார்' வந்தது. 'கவிதையின் பொருட்டு' என்பதையும் அவரே அழித்தார்.

"அது ஏனுங்க?"

"எதுக்காகப் போனாருன்னு எனக்கு நெசமாத் தெரியாதுங்களே."

கடிதத்தை எங்கே சேர்ப்பது என்று அரை மணி நேரம் பேசினார்கள். முன்னுரைக்கு அடுத்து வைக்கலாம் என்றார் அவர். கடைசியில் வைக்கலாம் என்றாள் அவள். "முதல்லயே வெச்சா பாட்டுல ஒண்ணும் நிக்காதுங்க. பாட்டப் படிச்சுப்போட்டு வரட்டும்." ராமாமணி அவள் பக்கம் பேசினார். கடைசியிலேயே வைத்தார்கள்.

தை மாதம் புத்தகம் வந்தது. முந்நூறு பிரதி. போத்தனூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். மாதாமாதம் புத்தகம் படித்துப் பேசுகிற இருபத்தைந்து பேர், வெங்கடபதியின் பழைய மில் நண்பர்கள் சிலர். புவனா மனோஜ்குமாரோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெங்கடபதி பத்துக் கவிதை வாசித்தார். எந்திரத்தின் இயக்கத்தை விளக்குகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். அதுவே நன்றாக இருந்தது.

பேச்சு முடிந்ததும் ஒரு கல்லூரி ஆசிரியை எழுந்தார். புத்தகத்தை முன்பே வாங்கிப் படித்திருந்தார்.

"கடைசியில அந்தப் பொண்ணோட கடிதத்தப் படிச்சதும் எனக்குப் புத்தகத்தத் தூக்கி எறியலாம்னு இருந்துச்சுங்க. இப்படிப்பட்ட ஒருத்தரோட கவிதைய நாங்க ஏன் படிக்கோணும்?"

வெங்கடபதி தொண்டையைச் செருமினார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"இதுக்கு அவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். "புவனாங்க. இந்தப் புஸ்தகத்த டைப் பண்ணுனவங்க."

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. மனோஜ்குமார் முழங்கையால் லேசாக இடித்தார். எழுந்தாள்.

"ஏன் படிக்கோணும்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்றாள். "படிச்சே ஆகோணும்னும் இல்லீங்க. நான் பதினெட்டு வருசமா டைப் பண்றேன். அடிக்கறப்ப கை நிக்காதுங்க. கண்ணு பாக்கும், கை அடிக்கும், மனசு வேற எங்கியோ இருக்கும். இதுல மூணு எடத்துல கை நின்னுபோச்சு. அந்தப் பக்கத்த மட்டும் சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க. இருபத்தொண்ணு. முப்பத்தாறு. அறுவத்திநாலு."

உட்கார்ந்துகொண்டாள். பிறகு முன் வரிசையில் ஒருவர் புத்தகத்தைத் திறந்தார். அந்த ஆசிரியை நின்றபடியே பக்கங்களைத் தள்ளினார். அறை முழுக்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது எத்தனைங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"முப்பத்தாறு" என்றாள் புவனா.